கணவர் கையெழுத்து எங்கே?

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு அம்மா பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு எதைப் பத்திப் பேசப் போறீங்க?" என்றார். "ஒரு குடும்பத் தலைவி. அவங்க ஒரு ரகசியத்தை மறைக்கிறாங்க. ஒருத்தன் அதை வெச்சு பிளாக்மெயில் பண்றான். அந்தக் கதை" என்றேன். "இதைத்தானே தினம் ராத்திரி எட்டரைக்கு டிவியில போடறான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மின்விசிறிக்குக் கீழே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். இதோ, இரண்டாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. ஆனால் சீரியலில் மிரட்டப்படுகிற தாய்க்கு அழ நேரம் கொடுப்பார்கள். மூன்று நாள் எபிசோடு முழுக்க அழலாம், பூஜை அறையில் ஒரு தடவை, மொட்டை மாடியில் ஒரு தடவை. நான் சொல்லப்போகிற நாவலில் வரும் தாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. பையன் பசியோடு வந்து நிற்பான். வயதான அப்பாவுக்கு வேளாவேளைக்கு எல்லாம் நடக்க வேண்டும். இறைச்சிக்கு ரேஷன் இருக்கும் காலம். கடைக்குச் சொல்லியனுப்ப வேண்டும், சலவைக் கணக்குப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஒருவன் கூடத்தில் வந்து உட்கார்ந்து ஐயாயிரம் டாலர் கேட்கிறான்.

நாவலின் பெயர் 'தி பிளாங்க் வால்'. நம் வசதிக்கு 'வெற்றுச் சுவர்' என்று வைத்துக்கொள்வோம். 1947-இல் அமெரிக்காவில் வந்தது. எழுதியவர் எலிசபெத் சாங்க்ஸே ஹோல்டிங்.

இந்த அம்மையாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் கதைக்கும் அவர் பிழைப்புக்கும் சம்பந்தம் இருக்கிறது. 1889-இல் புரூக்ளினில் பிறந்தவர். கணவர் பிரிட்டிஷ் அரசாங்க உத்தியோகஸ்தர். அவரோடு தென்னமெரிக்கா, கரீபியன் தீவுகள் என்று சுற்றி, பெர்முடாவில் சில காலம் குடித்தனம் நடத்தினார். இரண்டு பெண் குழந்தைகள். 1920-களில் அவர் எழுதியதெல்லாம் காதல், கல்யாணம், குடும்பச் சிக்கல். 1929-இல் பங்குச் சந்தை விழுந்தது. அதோடு அந்த மாதிரி நாவல்களுக்குச் சந்தையும் படுத்தது. உடனே துப்பறியும் கதைக்கு மாறினார். 18 நாவல் எழுதிவிட்டு 1955-இல் காலமானார். பிலிப் மார்லோ என்ற துப்பறிவாளரைப் படைத்த ரேமண்ட் சாண்ட்லர், தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், இந்த வகை எழுத்தில் தன் கணக்குப்படி ஹோல்டிங்தான் முதலிடம் என்று சொல்லியிருக்கிறார். சாண்ட்லர் லேசில் யாரையும் பாராட்டுகிற ஆள் கிடையாது.

நாவலின் சுருக்க வடிவம் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்ற பெண்கள் பத்திரிகையில் வந்தது. நம் வார இதழ்களில் கோலப் புள்ளிகளுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடர்கதை வரும் அல்லவா, அப்படிப்பட்ட இடத்தில்தான் இந்தப் பிணமும் கிடந்தது.

இனி கதைக்கு வருகிறேன். இரண்டாம் உலகப்போர் நடக்கிறது. லூசியா ஹாலி என்ற பெண்ணின் கணவன் டாம் கடற்படையில், எங்கோ பசிபிக் பக்கம் இருக்கிறான். நியூயார்க்குக்கு வெளியே, தண்ணீர் ஓரத்தில் ஒரு வீடு. அதில் லூசியா, பதினேழு வயதுப் பெண் பீ, பதினைந்து வயதுப் பையன் டேவிட், லூசியாவின் வயதான அப்பா, வீட்டு வேலை செய்யும் சிபில் என்ற கறுப்பினப் பெண். லூசியா ஒவ்வோர் இரவும் கணவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். எல்லோரும் சௌக்கியம், பருவநிலை நன்றாக இருக்கிறது, நேற்று இன்னது சமைத்தோம். போரில் இருக்கும் மனிதனுக்கு வேறு என்னதான் எழுத முடியும்? கதை ஓட ஓட, அந்தக் கடிதங்கள் அப்படியே சௌக்கியமாக இருக்க, வீடு மட்டும் சரிந்துகொண்டே போகும். ஹோல்டிங்கின் சாமர்த்தியம் அது.

மகள் பீ, டெட் டார்பி என்ற ஒருவனிடம் மயங்கிக் கிடக்கிறாள். அவள் வயதுக்கு இரண்டு மடங்கு வயதானவன், கல்யாணமானவன், ஆள் சரியில்லை. லூசியா போய்க் கண்டித்துப் பார்க்கிறாள், நடக்கவில்லை. ஓர் இரவு அவன் லூசியா வீட்டுப் படகுக் கொட்டகைக்கே வந்துவிடுகிறான். கிழவர் போய் அவனைத் தண்ணீரில் தள்ளிவிட்டு வந்து, "துரத்திவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறார். மறுநாள் விடிகாலையில் லூசியா கொட்டகைக்குப் போனால், படகுக்குள் நங்கூரத்தின் மேல் விழுந்து டார்பி செத்துக் கிடக்கிறான். கிழவருக்கு இது தெரியாது. பீக்கும் தெரியாது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வேறு எந்தத் துப்பறியும் நாவலிலும், பிணத்தைப் பார்த்தவர் ஒன்று அலறுவார், இல்லையென்றால் போலீசைக் கூப்பிடுவார். லூசியாவின் தலையில் ஓடுவது வேறு: வீட்டில் எல்லோரும் எழுந்திருக்கும் முன் இதை அப்புறப்படுத்த வேண்டும். நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். ராத்திரி குழந்தை வாந்தி எடுத்திருக்கும், பூனை பாலைக் கொட்டியிருக்கும், குடித்துவிட்டு வந்த சித்தப்பா வாசலில் எதையோ உடைத்திருப்பார். காலையில் நாம் எழுந்து வரும்போது தரை ஈரமாக, சுத்தமாக இருக்கும். யார் துடைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. லூசியா அந்தக் காலையில் செய்வது அந்த வேலையைத்தான். படகைத் தள்ளிக்கொண்டு போகிறாள், ஆள் இல்லாத சதுப்பு நிலத்தில் உடலைப் போடுகிறாள், காலை உணவுக்குத் திரும்பிவிடுகிறாள்.

அவள் செய்தது குற்றம், சந்தேகம் வேண்டாம். நாவலும் அவளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தக் குற்றம் செய்யத் தேவையான திறமை எல்லாம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சத்தம் போடாமல் எழுவது, யார் எப்போது விழிப்பார்கள் என்று தெரிந்துவைத்திருப்பது, கறையைக் கண்டுபிடிப்பது, முகத்தில் எதையும் காட்டாமல் பரிமாறுவது. இருபது வருஷக் குடித்தனத்தில் கற்றுக்கொண்டது.

இதற்குப் பிறகு மார்ட்டின் டானலி என்பவன் வருகிறான். டார்பிக்கு பீ எழுதிய காதல் கடிதங்கள் இவனிடமும் இவன் கூட்டாளி நேகல் என்பவனிடமும் மாட்டியிருக்கின்றன. டார்பியின் உடல் கிடைத்துப் பத்திரிகையில் செய்தி வந்துவிட்ட நேரம். கடிதம் போலீஸ் கையில் போனால் பீயின் கதி என்ன? ஐயாயிரம் டாலர் கொடு.

நான் இந்த நாவலை முதல் தடவை படிக்கும்போது, இனி துரத்தல், ஓட்டம், துப்பாக்கி என்று எதிர்பார்த்தேன். வந்ததோ வங்கி, கடன் ஆபீஸ், அடகுக்கடை. பாதிக் கதை ஒரு பெண் பணம் புரட்ட அலைகிற கதை. நம் ஊரில் இதைத் திகில் கதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் என்பார்கள்.

1949-இல் மாக்ஸ் ஓஃபுல்ஸ் என்ற ஜெர்மானிய இயக்குநர் இதை ஹாலிவுட்டில் 'தி ரெக்லஸ் மோமெண்ட்' என்று படமாக எடுத்தார். ஹிட்லருக்குத் தப்பி வந்தவர். அமெரிக்காவில் அவர் எடுத்த கடைசிப் படம் இது; அதற்குப் பிறகு பிரான்ஸ் திரும்பிவிட்டார். கதையை கலிஃபோர்னியாவின் பால்போவா கடற்கரைக்கு மாற்றினார்கள். போர் முடிந்துவிட்டதால் கணவன் பெர்லினில் கட்டுமான வேலையில் இருக்கும் எஞ்சினியர் ஆனான். கிழவர் மாமனார் ஆனார். டார்பியை அடிப்பது இதில் மகள். கைவிளக்கால் ஒரு அடி, அவன் தடுமாறிப் போய்க் கைப்பிடி உடைந்து நங்கூரத்தில் விழுகிறான். லூசியாவாக ஜோன் பென்னட், டானலியாக ஜேம்ஸ் மேசன்.

இந்தப் படத்தில் லூசியா கடன் கேட்டுப் போகிற காட்சியை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். கடன் கொடுக்கிற மனிதர் மரியாதையாகத்தான் பேசுகிறார். விண்ணப்பம் இருக்கிறது, மேசை இருக்கிறது, பேனா இருக்கிறது. கணவர் ஊரில் இல்லையா? அப்படியானால் சிரமம். அவ்வளவுதான். அவள் வீடு பெரியது, கார் இருக்கிறது, கம்பளிக் கோட்டு இருக்கிறது. தன் பெயரில் ஒரு கடன் எடுக்க மட்டும் முடியாது. கடைசியில் நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போகிறாள். அதிலும் கேட்ட தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

பிளாக்மெயில் பண்ணுகிறவன் ஒரு தப்புக் கணக்கோடு வருகிறான் என்பதுதான் இந்தக் கதையின் வேடிக்கை. வீட்டைப் பார்த்து, இது பணக்காரி வீடு என்று நினைத்துவிட்டான். பணம் இருக்கிறது, ஆனால் அது அவளுடையதல்ல. நேரமும் அவளுடையதல்ல. ஃபோன் பேசத் தனியாக ஓர் அறைகூட இல்லை. மாடிப்படியில் ஃபோன் பேசினால் மாமனார் யாரென்று கேட்கிறார், பையன் குறுக்கே ஓடுகிறான். படத்தில் பையன் டேவிட் எப்போது பார்த்தாலும் அரைகுறையாக உடுத்திக்கொண்டு வருவான். பிணம், பணம், போலீஸ் எல்லாவற்றுக்கும் நடுவில் லூசியா அவனிடம் சட்டையைப் போடு, அதைக் கழற்று என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். குடும்பம் உன்னை விடவே விடாதா என்று டானலி ஒரு தடவை ஆச்சரியப்படுகிறான். அவனுக்கு அப்போதுதான் புரிகிறது, சிறையில் இருக்கிற ஒருத்தியிடம் வந்து கப்பம் கேட்கிறோம் என்று. மெல்ல மெல்ல அவன் மனசு மாறுகிறது. ஃபோன் பேச அவளுக்குச் சில்லறை கொடுக்கிறான். அதிகமாகப் புகைக்கிறாளே என்று கவலைப்பட்டு, மருந்துக்கடையில் சிகரெட்டுக்கு ஒரு வடிகட்டி வாங்கிக் கொடுக்கிறான். அந்த வீட்டில் அவள் உடம்பைப் பற்றி யாராவது கவலைப்பட்டார்கள் என்றால், அது அவளை மிரட்ட வந்தவன்தான்.

ஒரு நேரத்தில் வேறு ஒருவனைக் கொலைக்காகப் போலீஸ் பிடித்துவிடுகிறது. டானலி ஓடிவந்து, இனி நீ பணம் கொடுக்க வேண்டாம், தப்பித்தாய் என்கிறான். லூசியா தப்பித்துக்கொள்ள மறுக்கிறாள். நான்தான் கொன்றேன் என்கிறாள், பொய்யாக. செய்யாத குற்றத்துக்கு ஒருவன் சாவதை அவளால் பொறுக்க முடியவில்லை. மகளையும் காட்டிக்கொடுக்க முடியாது. அதனால் தானே ஏற்கிறாள். நம்மில் பலருக்கு இந்தக் கணக்கு புரியும்.

ஒரு சின்ன இடைச்செருகல். படத்தின் தயாரிப்பாளர் வால்ட்டர் வாங்கர், ஜோன் பென்னட்டின் கணவர். 1951 டிசம்பரில், மனைவிக்கும் அவருடைய ஏஜென்டுக்கும் தொடர்பு என்று சந்தேகப்பட்டு, அந்த ஏஜென்டைத் துப்பாக்கியால் சுட்டார். ஆள் பிழைத்துக்கொண்டார். வாங்கர் சுமார் நான்கு மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்து மறுபடி படம் தயாரித்தார். பென்னட் யாரையும் சுடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு படவாய்ப்பு சுருங்கியது அவருக்குத்தான்.

கடனுக்கு ஓர் ஆணின் கையெழுத்து கேட்கிற விஷயத்துக்கு வருகிறேன். அது ஹோல்டிங் கண்டுபிடித்தது இல்லை. 1879-இல் நார்வேயின் இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தை நம் கல்லூரிகளில் பலர் பாடமாகப் படித்திருப்பீர்கள். நோரா மூன்று குழந்தைகளின் தாய். கணவன் உடல்நிலை மோசமாகி, இத்தாலிக்குக் கூட்டிப் போனால்தான் பிழைப்பான் என்ற நிலை. பெண் தன் பொறுப்பில் கடன் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு க்ரோக்ஸ்டாட் என்பவனிடம் கடன் வாங்குகிறாள். அப்பா செத்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் அவர் கையெழுத்துக்குப் போட்டிருக்கும் தேதி அக்டோபர் 2. செத்து மூன்று நாள் கழித்து மனிதர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! க்ரோக்ஸ்டாட் பிடித்துக்கொள்ள இது போதாதா? நோராவும் லூசியாவைப் போலத்தான்: உடைக்குக் கொடுத்த காசில் மிச்சம் பிடிக்கிறாள், ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு நகல் எடுக்கும் வேலை செய்கிறாள், தவணை கட்டுகிறாள்.

ஸ்டெஃபான் ஸ்வைக் 1910-இல் எழுதிய 'அச்சம்' என்ற குறுநாவலும் இதே வரிசைதான், அதை வேகமாகக் கடந்துவிடுகிறேன். வியன்னாவில் வழக்கறிஞர் வீட்டு மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு கள்ளக்காதல். ஒரு பெண் வழிமறித்து மிரட்டிப் பணம் பறிக்கிறாள். முடிவில் பார்த்தால், மனைவி தானாக ஒப்புக்கொள்ளட்டும் என்று கணவனே ஒரு நடிகையை அமர்த்தி அனுப்பியிருக்கிறான். எழுத்து அபாரம். ஆனால் முடிவில் அந்தக் கணவன் மன்னிக்கிறவனாக நிற்பது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

அமெரிக்காவில் 1974-இல் சமக்கடன் வாய்ப்புச் சட்டம் வந்த பிறகுதான், பெண் என்பதற்காக, கல்யாணமானவள் என்பதற்காகக் கடன் மறுக்கக் கூடாது என்றானது. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம். 2001-இல் 'தி டீப் எண்ட்' என்று இதே நாவலை மறுபடி எடுத்தார்கள். டில்டா ஸ்விண்டன் மார்கரெட் என்ற தாயாக நடித்தார். இடம் டாஹோ ஏரி. மகளுக்குப் பதில் மகன். அவன் ஓர் ஆணை விரும்புகிறான், கடிதத்துக்குப் பதில் வீடியோ நாடா. ஐயாயிரம் ஐம்பதாயிரம் ஆகிவிட்டது. கணவன் மறுபடியும் கடலில், விமானந்தாங்கிக் கப்பலில். மார்கரெட் கடனுக்குப் போய் உட்கார்ந்தால், மறுபடியும் அதே கேள்வி: கணவர் கையெழுத்து எங்கே? நோராவிலிருந்து நூற்றிருபது வருஷம் தாண்டிவிட்டது.

இந்தப் படத்தில் ஒரு காட்சி. மார்கரெட் பிணத்தை ஏரியில் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பார்த்தால், செத்தவனின் கார் வெளியே நிற்கிறது. சாவி? அவன் பாக்கெட்டில். மறுபடி போய், பனிக்கட்டி போன்ற தண்ணீரில் மூழ்கி, பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து வருகிறாள். "சாவியை எங்கே வெச்ச?" என்று வீடு முழுக்கத் தேடுகிற நம் காலை நேரம் நினைவுக்கு வந்து, அந்தத் திகிலிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு காட்சியில், பணம் வாங்க வந்தவனிடம் அவள் வெடிக்கிறாள். ஒரு நாளில் தனக்கு இருக்கிற வேலைகளை அடுக்கி, என் நிலைமையில் இருந்து பார் என்கிறாள். பணம் வாங்க வந்தவன் அதே வீட்டில், மாரடைப்பு வந்து விழுந்து கிடக்கும் மாமனாரின் நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கவும் நேர்கிறது. வீட்டுக்குள் வந்தவன் எவனானாலும் வீட்டு வேலையிலிருந்து தப்ப முடியாது போலிருக்கிறது.

நம் பக்கம் வருவோம். கையெழுத்து இல்லாத பெண்கள் நம் ஊரில் என்ன செய்தார்கள்? என் அம்மா அரிசிப் பானைக்குள் பணம் வைப்பார். பாட்டி கடுகு டப்பாவில். 2016 நவம்பர் 8, இரவு எட்டு மணிக்கு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று டிவியில் சொன்னார்கள். அன்று ராத்திரி எத்தனை வீட்டில் எத்தனை டப்பா திறந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். கணவருக்குத் தெரியாமல் இருபது வருஷம் சேர்த்ததை அவர் கையிலேயே கொடுத்து, "மாத்திட்டு வாங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. பல கணவர்கள் அதை நகைச்சுவையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த டப்பா ஏன் இருந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

நம் சினிமாவில் இந்தக் கதைக்கு மிக அருகில் வருவது 'பாபநாசம்'. 2013-இல் ஜீத்து ஜோசப் மலையாளத்தில் எடுத்த 'த்ரிஷ்யம்', 2015 ஜூலையில் தமிழில் வந்தது. தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், சீனம் வரை போன கதை. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சுயம்புலிங்கம் கேபிள் டிவி நடத்துகிறவர். மகள் செல்வி குளிப்பதை ஒருவன் செல்ஃபோனில் படம் எடுத்து மிரட்டுகிறான். இரவில் வீட்டுக்கே வந்துவிடுகிறான். தாய் ராணி போய்க் கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சுகிறாள். அவன் அந்தத் தாயிடமே கேட்கக் கூடாததைக் கேட்கிறான். மகள் அடிக்கிறாள், அவன் சாகிறான். தாயும் மகளும் சேர்ந்து புதைக்கிறார்கள். சுயம்புலிங்கம் அந்த நேரத்தில் ஆபீசில் சினிமா பார்த்துக்கொண்டிருக்கிறார். ஃபோன் சரியாக வைக்கப்படாததால் அழைப்பும் போகவில்லை.

இதுவரை இது லூசியாவின் கதை. கணவன் தூரத்தில், மிரட்டுகிறவன் கொட்டகையில், விடிவதற்குள் அப்புறப்படுத்த வேண்டிய உடல். பிறகு சுயம்புலிங்கம் வீட்டுக்கு வருகிறார், கதை அவர் கைக்குப் போய்விடுகிறது. பஸ் டிக்கெட், ஓட்டல் பில், தியேட்டர், சாட்சிகள், எல்லாம் அவர் மூளை. ராணிக்கு மிச்சம் இருப்பது பயப்படுவதும், சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பதும்தான். ராணியாக நடித்த கௌதமி நன்றாகத்தான் பயந்தார். படத்தை நான் ரசித்தேன், குறை சொல்ல வரவில்லை. ஆனால் சுயம்புலிங்கம் அன்று வெளிநாட்டில் இருந்திருந்தால்? துபாயிலோ, கப்பலிலோ? மறுநாள் காலை ஆறு மணிக்கு ராணி என்ன செய்திருப்பாள்? இட்லிக்கு ஊற்றியிருப்பாள் என்பது நிச்சயம். அதற்கு மேல் நமக்குத் தெரியாது, ஏனென்றால் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தப் படத்தில் கடைசிவரை தன் கதையை விட்டுக்கொடுக்காத தாய் ஒருத்தி இருக்கிறாள், ஆனால் எதிர்ப்பக்கத்தில். செத்த பையனின் தாய், ஐ.ஜி. கீதா. ஆஷா சரத் நடித்தது. பிள்ளைக்காகச் சட்டத்தை வளைக்கிறவள் அவளும்தான். அவளுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருந்தது, அதுதான் வித்தியாசம்.

சட்டம் என்று சொன்னதும் ஒரு செய்தி. வழக்கறிஞர்கள் இருந்தால் திருத்தலாம். குற்றவாளி ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தால், ஒளித்துவைத்தால் தண்டனை என்று 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 212-ஆம் பிரிவு இருந்தது. அதில் ஒரு விலக்கு உண்டு: ஒளித்துவைத்தவர் குற்றவாளியின் கணவனோ மனைவியோ என்றால் இந்தப் பிரிவு பொருந்தாது. தாய்க்கு விலக்கு இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே விஷயம் 249-ஆம் பிரிவு. விலக்கும் அப்படியே கணவன், மனைவிக்கு மட்டும். கோயிலில், சினிமாவில், மேடையில் தாயைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற நாட்டின் சட்டப் புத்தகத்தில், பெற்ற பிள்ளையை ஒளித்துவைத்த தாய் யாரோ மூன்றாம் மனுஷிதான். சரியா தப்பா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தடயத்தை அழிப்பதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அதில் யாருக்கும் விலக்கே கிடையாது.

மிரட்டிப் பணம் பறிப்பதும் குற்றம்தான். புதிய சட்டத்தில் 308-ஆம் பிரிவு, ஏழு வருஷம் வரை சிறை. ஆனால் புகார் கொடுக்கப் போகிறவள் தன் ரகசியத்தையும் மேசைமேல் வைக்க வேண்டும். மிரட்டுகிறவனின் முதலீடே அதுதான். ரகசியத்தில் குற்றம் எதுவும் இல்லாமல் வெட்கம் மட்டும் இருந்தால்கூட அவனுக்குப் போதும். உங்கள் வீட்டுப் பெண்ணையோ பையனையோ யாராவது படத்தை வைத்து இணையத்தில் மிரட்டிப் பணம் கேட்டால், 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பணம் மட்டும் அனுப்பாதீர்கள். இது கதைக்கு வெளியே, சொல்லத் தோன்றியது.

முடிக்கும் முன் சிபிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நேரம் அவளை மறந்தே பேசிவிட்டேன், லூசியா வீட்டிலும் அப்படித்தான் மறந்துபோகிறார்கள்.

அந்த வீட்டில் எல்லாம் தெரிந்தவள் சிபில் ஒருத்திதான். லூசியா எதையும் சொல்வதில்லை, அவளாகப் புரிந்துகொள்கிறாள். பெற்ற பெண்ணும் பையனும் அம்மா யாரோ ஓர் ஆளோடு சுற்றுகிறாளே என்று முகம் சுளிக்கும்போது, வந்தவனுக்குக் கதவைத் திறந்து, கேள்வி கேட்காமல், சமாளித்து அனுப்புகிறவள் சிபில். நாவலில் அவள் கணவன் பல வருஷமாகச் சிறையில் இருக்கிறான். இத்தனை காலம் ஒரே சமையலறையில் இருந்தும் லூசியா அதைப் பற்றி விசாரித்ததே இல்லை. தன் வீட்டு ரகசியம் ஒன்று வெளியே போய்விடுமோ என்று நடுங்குகிற அம்மாள், பக்கத்தில் நிற்பவளுக்கும் ஒரு துயரம் உண்டு என்பதை அப்போதுதான் தெரிந்துகொள்கிறாள். 1947-இல், ஒரு பெண்கள் பத்திரிகைக்கு எழுதுகிறவர், இதைப் பிரசங்கம் இல்லாமல் நாலு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்.

1949-இல் வந்த படத்தில் சிபிலாக நடித்தவர் ஃபிரான்செஸ் வில்லியம்ஸ். கடைசிக் கட்டத்தில் டானலி தன் கூட்டாளியைக் கொன்று, அந்த உடலைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். பின்னால் துரத்திப் போகிற காரை ஓட்டுவது சிபில்தான். லூசியா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். டானலி காரைக் கவிழ்த்து, சாகும் நேரத்தில் பழி முழுவதையும் தன்மேல் போட்டுக்கொள்கிறான். கடிதங்கள் லூசியா கைக்கு வந்துவிடுகின்றன. பெர்லினிலிருந்து கணவன் ஃபோன் பண்ணுகிறான். மாடிப்படிக் கைப்பிடிக் கம்பிகளுக்குப் பின்னால் நின்று, கண்ணீரோடு, எல்லோரும் சௌக்கியம், கிறிஸ்துமஸ் மரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்று லூசியா சொல்கிறாள். படம் முடிந்துவிடுகிறது. சிபில் எங்கே போனாள், அன்று ராத்திரி தூங்கினாளா, யாருக்கும் தெரியாது.

2003-இல் லண்டனின் பெர்ஸெஃபனி பதிப்பகம் இந்த நாவலை மறுபதிப்புச் செய்தது. 2015-இல் 'லைப்ரரி ஆஃப் அமெரிக்கா' பெண் குற்ற எழுத்தாளர்கள் வரிசையில் சேர்த்தது. ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்கள் தேடிப் படியுங்கள், சின்ன நாவல்தான்.

கூட்டத்தில் எழுதுகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களிடம் ஒரு விண்ணப்பம். ராணியின் வீட்டுக்கு மறுநாள் காலை பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வந்திருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் மண் புதிதாகக் கிளறியிருப்பதை முதலில் பார்க்கிறவர் அவராகத்தான் இருப்பார். பார்த்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாம்பலை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்திருப்பார். அந்த அக்காவின் பக்கத்திலிருந்து இந்தக் கதையை யாராவது தமிழில் எழுதுங்கள். முதல் பிரதியை நான் காசு கொடுத்து வாங்குகிறேன்.